அகஸ்ரினா கயிறு பிடிக்கப் பழகியது

அகஸ்ரினா எதைப் பிடித்தாலும் சுற்றித்தான் பிடிப்பாள். கிணற்று வாளிக் கயிறென்றால் உள்ளங்கையில் இரண்டு சுற்று. கடைப் பை என்றால் அதன் காது மணிக்கட்டில் ஒரு முறுக்கு. மகள் டிலானியைத் தெருவில் கூட்டிக்கொண்டு போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்தது போதாதென்று, சட்டையின் இடுப்புப் பட்டியையும் விரலில் சுற்றிக்கொள்வாள். கருவாடு காயவைக்கிற வாடியில் அவளோடு வேலை செய்த பெண்கள், "அகஸ்ரினாவிட்டப் பேயைப் பிடிச்சுக் குடுத்தாலும் அது தப்பிப் போகாது" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஏன் அப்படிப் பிடிக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

பிறந்தது வங்காலையில். கலியாணம் முடித்ததும் அங்கேதான். புருசன் எமிலியானுஸ் கரைவலை இழுக்கிறவன், கயிறும் கையுமாக வளர்ந்தவன். இரண்டாயிரத்து ஏழில் சண்டை மூண்டபோது, மூன்று வயது டிலானியையும் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். ஏறியது மூன்று பேர், போய்ச் சேர்ந்தது இரண்டு பேர். ஐந்து வருசம் மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத் தாயும் மகளும் திரும்பி வந்தபோது, வங்காலையில் அவர்கள் பேருக்கு ஒரு துண்டுக் காணியும் இருக்கவில்லை. மன்னார்த் தீவுக்குள், எருக்கலம்பிட்டிக்கு அங்காலே, உடைமரங்களுக்கும் மணலுக்கும் நடுவில் ஐம்பது வீட்டுத் திட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். அதில் நாற்பத்தோராவது வீடு அவளுக்குக் கிடைத்தது.

வீடு கிடைத்தது சரி. பள்ளிக்கூடம் ஒன்றரை மைலுக்கு அப்பால் இருந்தது. அதில் ஒரு மைல் வெறும் மணல்.

டிலானியின் வலது கால் ஒரு வயதில் வந்த காய்ச்சலோடு சூம்பிப்போன கால். சீமெந்துத் தரையென்றால் ஊன்றுகோலோடு நன்றாகவே நடப்பாள். மணலில் பத்தடி வைப்பதற்குள் ஊன்றுகோல் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஒரு தொண்டு நிறுவனம் பளபளவென்று சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து தந்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டு போனது. படலையைத் தாண்டியதும் அதன் சில்லு அச்சுவரை மணலில் புதைந்துவிட்டது. அதன் பிறகு அது வீட்டுக்குள்ளேயே நின்றது. அந்த வீட்டில் ஒழுங்காக இருக்கக்கூடிய கதிரை அது ஒன்றுதான் என்பதால் வருகிற விருந்தாளிகள் அதில்தான் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள்.

இரண்டு வருசம் அகஸ்ரினா மகளை முதுகில் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கலாம். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்குவது வேறு. இரண்டாயிரத்துப் பதினான்கு தை மாதம் ஒரு காலை, படலையடியில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டது. நாலு நாள் பாயோடு கிடந்தாள். எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகும் பிள்ளையைத் தூக்க இடுப்பு இடம்கொடுக்கவில்லை.

டிலானி ஐந்தாம் வகுப்பு. ஆவணியில் புலமைப்பரிசில் சோதினை. "கெட்டிக்காரப் பிள்ளை, இப்படியே வராமல் விட்டால் சோதினையை மறக்க வேண்டியதுதான்" என்று வகுப்பாசிரியை லூசியா டீச்சர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். டிலானி அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. தினமும் காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டு, தலைவாரி, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் சக்கர நாற்காலியில் இருப்பாள். பள்ளிக்கூடத்து இரண்டாம் மணி அடிக்கும் நேரம் வந்ததும் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பாள். பதின்மூன்று நாள் இப்படி நடந்தது. அந்தப் பதின்மூன்று நாளும் அகஸ்ரினாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னது நசீறா. எருக்கலம்பிட்டிக்காரி, அகஸ்ரினாவை விட நாலைந்து வயது மூத்தவள், வாடியில் கருவாடு எடுத்துக்கொண்டுபோய் விற்கிறவள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் போய் இருபது வருசம் கற்பிட்டிப் பக்கத்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவள். எதையும் நேரே சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

"கழுதையில ஏத்திக்கொண்டு போவன்" என்றாள்.

"என்ர பிள்ளையைக் கழுதையிலயோ?"

"ஏன், உங்கட ஆண்டவரே குருத்தோலை ஞாயிறு அண்டைக்குக் கழுதையிலதானே வந்தவர்? உன்ர மகள் அவரை விடப் பெரிய ஆளோ?"

அகஸ்ரினா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓம் என்றாள். மன்னாரில் கழுதைக்கு என்ன பஞ்சம்? பஸ் தரிப்பிடத்து நிழலில் ஆட்களுக்கு முன்னால் கழுதைகள் இடம்பிடித்துவிடும். உப்புச் சுமந்த காலம் போய், சொந்தக்காரர்களும் எங்கெங்கோ போய், அவை பாட்டுக்குத் தெருவில் பெருகி, கடைவாசல்களில் கடதாசி மட்டை தின்றுகொண்டு திரிந்தன. நசீறாவின் ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த பெட்டைக் கழுதை ஒன்று இருந்தது. வறுத்த கச்சான் கடலைக் கோதின் நிறம். நசீறாவின் கையால் பாண் துண்டு தின்று பழகியது. டிலானி அதற்குக் கச்சான் என்றே பேர் வைத்தாள்.

நசீறா அதைக் கூட்டிவந்து கையில் கொடுத்த அன்று, அகஸ்ரினா இரண்டடி பின்னுக்குப் போனாள். தூரத்தில் பார்க்கும்போது சோம்பேறியாகத் தெரிகிற மிருகம், கிட்டப் போனால் எவ்வளவு பெரியது! அதன் பின்னங்கால் தன் மகளின் தலை உயரத்தில் உதைக்கக்கூடியது என்பதை அவள் முதல் பார்வையிலேயே கணக்குப் பார்த்துவிட்டாள்.

"பின்னால போகாத. நேர் முன்னால போயும் நிக்காத. பக்கவாட்டில, தோளைப் பாத்துப் போ" என்றாள் நசீறா. "போகேக்க வாயைத் திறந்து ஏதாவது கதை. நீ வாறாய் எண்டு அதுக்குத் தெரியவேணும். சத்தமில்லாமல் போய்த் தொட்டால்தான் அது திடுக்கிடும்."

"கழுதையோட என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையாவது."

பயம் வந்தால் அகஸ்ரினாவுக்கு வாயில் வருவது ஒன்றுதான். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினாள். கச்சான் காதைத் திருப்பியது. அடுத்த அடி வைத்து, "கர்த்தர் உம்முடனே" என்றாள். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்கும் முன்பே கழுத்தில் கை வைத்துவிட்டாள். நசீறா விழுந்து விழுந்து சிரித்தாள். "கழுதை வேதத்துக்கு வந்திட்டுது!" என்று அடுத்த வீட்டுக்காரிக்கும் கேட்கக் கத்தினாள்.

சிரிப்பு அன்றோடு சரி. அடுத்த நாளே வினை வந்தது. அகஸ்ரினா கச்சானை முற்றத்து உடைமரத்தில் கட்டினாள். மரத்தின் அடியில், கழுத்துக் கயிறாக, நாலு பாகம், இருபதடிக்கு மேல், நீளம் விட்டு. கட்டியது வள்ளத்து முடிச்சு. எமிலியானுஸ் அவளுக்குக் கலியாணம் முடித்த புதிதில் பழக்கிய முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும், நனைந்தால் இன்னும் இறுகும், புயலே வந்தாலும் வள்ளம் கரையைவிட்டு அசையாது. தனக்கு ஒன்றாவது ஒழுங்காகத் தெரியும் என்ற நிம்மதியோடு அவள் வாடிக்குப் போகக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

டிலானி போட்ட சத்தத்தில் ஓடிவந்து பார்த்தால், நீளக் கயிறு கழுதையின் முன்னங்காலில் சுற்றியிருந்தது. அது வெருண்டு பின்னுக்கு இழுக்க, கழுத்துக் கயிறு இறுகி, கண் வெளியே பிதுங்கி, நாக்குத் தெரிந்தது. அகஸ்ரினா முடிச்சைப் பிடித்தாள். எங்கே கழரும்? ஒரு கழுதையின் முழுப் பலமும் அதில் இறங்கியிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கையிலிருந்த கருவாட்டுக் கத்தியால் கயிற்றை அறுத்தாள். கச்சான் மணலில் குந்தி விழுந்து, எழும்பி, மதில் இல்லாத ஐம்பது வீட்டு முற்றத்தையும் ஒரு சுற்று ஓடி முடித்தது.

பின்னேரம் நசீறா வந்து கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள். பிறகு கயிறொன்றை எடுத்து, மூக்குக்கு மேலாலும் காதுக்குப் பின்னாலும் சுற்றிவரும்படி ஒரு முகக்கயிறு பின்னினாள். கழுத்தில் கட்டக் கூடாது என்றாள். மரத்தின் அடியில் கட்டக் கூடாது, அதன் நெஞ்சு உயரத்தில் கட்டவேண்டும், ஒரு கை நீளத்துக்கு மேல் கயிறு விடக் கூடாது என்றாள். பிறகு ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டி, தொங்கிய நுனியைச் சுண்டினாள். முடிச்சு ஒரே இழுவையில் அவிழ்ந்து விழுந்தது.

அகஸ்ரினா அதைப் பார்த்து முகம் சுளித்தாள். "கழருற முடிச்சுக்கு முடிச்செண்டு ஏன் பேர்?"

"வள்ளத்துக்கு உயிரில்லை, அது பயப்பிடாது. இது பயப்பிடும். பயந்தால் ஓடத்தான் பாக்கும். அந்த நேரம் நீ கழட்டேலாத முடிச்சுப் போட்டிருந்தால், அது சாகும், இல்லாட்டிப் பக்கத்தில நிக்கிற நீ சாவாய்."

"அப்ப கையில பிடிக்கிறது? அதையாவது இறுக்கிப் பிடிக்கலாம்தானே?" அகஸ்ரினா கேட்டுக்கொண்டே கயிற்றை உள்ளங்கையில் சுற்றிவிட்டாள். அது அவளுக்குத் தெரியாமலே நடந்தது.

நசீறா தன் இடது கையை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். சுண்டுவிரல் நடுவில் மடங்கி, வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. "இதைப் பார். கற்பிட்டியில தண்ணிக் கான் ஏத்திக்கொண்டு வரேக்க, உன்னைப்போலத்தான் சுத்திப் பிடிச்சனான். நாய் குரைச்சுது. கழுதை ஓடிச்சுது. நான் பிடிக்கேல்லை, கயிறுதான் என்னைப் பிடிச்சது. எட்டு வீடு தாண்டும் வரைக்கும் இழுத்துக்கொண்டு போட்டுது. விரலோட போனது அல்லாஹ் செய்த உதவி."

பிறகு மடித்துப் பிடிக்கப் பழக்கினாள். மிச்சக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து, அந்த மடிப்பை நடுவில் பிடிக்கவேண்டும். விரலை விரித்தால் முழுவதும் கீழே விழவேண்டும். கழுதைக்கு முன்னால் போய் இழுக்கக் கூடாது, அதன் தோளோடு தோளாக நடக்கவேண்டும். அது நின்றால் நாமும் நிற்கவேண்டும், காது போகிற திசையில் என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும். அடிக்கக் கூடாது.

எல்லாம் அகஸ்ரினாவுக்கு வந்தது, கயிறு மடிப்பதைத் தவிர. மடித்துக்கொண்டு பத்தடி நடப்பாள், பதினோராம் அடியில் பார்த்தால் கையில் இரண்டு சுற்று. நசீறா ஈர்க்கினால் மணிக்கட்டில் தட்டுவாள். மடிப்பாள். மறுபடி சுற்று. இரண்டு கிழமை இதே கதைதான். "உன்ர கைக்கு உன்ர சொல்லுக் கேக்காதோ?" என்று கேட்டாள் நசீறா. கேட்காதுதான். அந்தக் கைக்கு வேறொரு நாளின் ஞாபகம் இருந்தது.

மாசி மாதம் முதல் திங்கட்கிழமை பிள்ளையை ஏற்றுவதென்று முடிவானது. டிலானி ஞாயிறு பின்னேரமே சட்டையை மினுக்கி வைத்துவிட்டாள். அகஸ்ரினா படுக்காமலே விடியப் பார்த்தாள். நசீறா மன்னார்ச் சந்தைக்குப் போகும் நாள் அது, கூட வர ஆளில்லை. வழியில் என்னவெல்லாம் இருக்கிறதென்று அவள் மனம் ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் போட்டது. திட்டத்து நாய்கள். முள். தலைமன்னார் றோட்டு. புது ரயில் பாதைக்குக் கல்லேற்றி ஓடுகிற ரிப்பர் லொறிகள். றோட்டில் ஏறுகிற இடத்து மதகு. மதகின் ஒரு பக்கம் ஆளளவு பள்ளம், அடியில் கருங்கல்.

காலையில் வைக்கோல் அடைத்த சாக்கைக் கச்சானின் முதுகில் போட்டு வயிற்றோடு சேர்த்துக் கட்டினாள். மகளை வாசல் திண்ணையில் ஏறி நிற்கவைத்து, அதிலிருந்து சாக்கின் மேல் இருத்தி, ஊன்றுகோலை மடியில் குறுக்கே கொடுத்தாள். பிறகு ஒரு வேலை செய்தாள். வலைக்கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்து, டிலானியின் இடுப்பைச் சுற்றி, கழுதையின் வயிற்றுக்குக் கீழாலே கொண்டுபோய், மறுபக்கத்தால் எடுத்து, பிள்ளையின் பின்பக்கம் முடிச்சுப் போட்டாள். வள்ளத்து முடிச்சு. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. வெள்ளைச் சட்டையை மேலே இழுத்து மூடிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. இனி எது நடந்தாலும் பிள்ளை விழாது.

டிலானி குனிந்து தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு நோகவில்லை. சும்மா அறியத்தான் கேட்டாள்.

"அம்மா, அப்பாவும் மிசினை இப்பிடித்தானோ கட்டினவர்?"

அகஸ்ரினாவின் கை சட்டையில் நின்றது.

அந்தத் தையல் மிசின் அவளுடைய சீதனம். வீட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏறத் தயாரான அவள், அதற்கு மட்டும் அழுதாள். போகிற இடத்தில் தைத்தாவது பிழைக்கலாம் என்றாள். எமிலியானுஸ் மிசினின் கால்களையும் மேசையையும் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புத் தலையை மட்டும் பழைய சாரத் துணியில் சுற்றி, முதுகோடு வைத்து, நெஞ்சுக்குக் குறுக்கே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். வள்ளம் ஆடினாலும் அவிழக் கூடாதென்று வள்ளத்து முடிச்சே போட்டான். விடியற்புறம் வள்ளக்காரன் ஒரு மணல் திட்டுக்குக் கிட்ட வள்ளத்தை நிறுத்தி, இடுப்பளவு தண்ணீர்தான், கெதியாக இறங்குங்கோ என்று அவசரப்படுத்தினான். இடுப்பளவு இல்லை. முதலில் இறங்கிய எமிலியானுஸ் அவளுடைய வலக்கையைப் பிடித்து இறக்கினான். அவளுடைய இடக்கையில் பிள்ளை. நாலடி போனதும் காலுக்குக் கீழே மணல் சரிந்தது. நீச்சலில் அவனை அடிக்க வங்காலையில் ஆளில்லை. ஆனால் முதுகில் இரும்பு, நெஞ்சில் நனைந்த முடிச்சு. அவன் ஒரு கையால் அந்த முடிச்சைப் பிய்ப்பதை அவள் கண்டாள். இடக்கையிலிருந்து பிள்ளை வழுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த கணம் அவளுடைய இரண்டு கையும் பிள்ளையின் மேல் இருந்தன.

கையை இழுத்துக்கொண்டது தான்தான் என்று அவள் நம்பினாள். மண்டபத்தில் ஒரு சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னாள். பிள்ளையைக் காப்பாற்றியது பாவமில்லை மகளே என்றார் அவர். அவர் சொன்னது அவளுடைய காதோடு நின்றுவிட்டது. அன்று தொடக்கம் அவளுடைய கை எதையும் சுற்றாமல் பிடிக்கவில்லை.

டிலானிக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா மிசினோடு கடலில் தாண்டுபோனார் என்பது மட்டும். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அகஸ்ரினா மகளின் முதுகில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். என்ன செய்யப் பார்த்தேன், மாதாவே, என்ன செய்யப் பார்த்தேன் என்று வாய்விட்டே சொன்னாள். அவிழ்க்கப் பார்த்தாள், அது ஏற்கெனவே இறுகியிருந்தது. உள்ளே ஓடிப்போய்க் கருவாட்டுக் கத்தியை எடுத்துவந்து, சட்டையில் படாமல், வலைக்கயிற்றை அறுத்து எறிந்தாள்.

"ஓம் பிள்ளை" என்றாள். "அப்பாவும் இப்பிடித்தான் கட்டினவர்."

பிறகு கயிற்றை மடித்துப் பிடித்தாள். மறு கையை மகளின் தொடையில் வைத்தாள். கச்சானின் தோளோடு தோளாக நடக்கத் தொடங்கினாள்.

அந்த ஒரு மைல் மணலை அவள் நடந்த மாதிரி யாரும் நடந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் மூன்று இடம் பார்த்தாள். கழுதையின் காது, பிள்ளையின் முகம், தன் கையிலிருந்த கயிறு. கயிறு இரண்டு தரம் சுற்றிக்கொண்டது. இரண்டு தரமும் நின்று அவிழ்த்து மடித்தாள். திட்டத்து நாய் ஒன்று குரைத்தபோது கச்சான் நின்றது. அவளும் நின்றாள். "அருள் நிறைந்த மரியே" என்றாள். காது திரும்பியது. கழுதை நடந்தது. டிலானி மேலே இருந்துகொண்டு, "அம்மா, எங்கட வீட்டுக் கூரை இஞ்ச இருந்தே தெரியுது!" என்றாள். இரண்டு வருசமாகத் தாயின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு போன பிள்ளை அது. அகஸ்ரினாவுக்குத் திரும்பிக் கூரையைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

மதகடிக்கு வந்தார்கள். றோட்டுக்கு ஏறப் பத்தடி இருக்கும்போது கச்சான் நின்றுவிட்டது. காது இரண்டும் நேரே முன்னுக்கு நீண்டன. அகஸ்ரினாவும் நின்று அந்தப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஒரு ரிப்பர் வந்தது. கல்லை மூடியிருந்த தறப்பாள் ஒரு பக்கம் கழன்று, காற்றில் எழும்பிப் படார் படார் என்று அடித்துக்கொண்டு வந்தது.

"மரியாயே, மரியாயே" என்றாள். செபத்தின் மிச்சம் மறந்துபோயிற்று.

லொறி கடக்கும்போது தறப்பாளின் நுனி அவர்களுடைய தலைக்கு நேரே விரிந்து அறைந்தது. கச்சானின் உடம்பு முழுவதும் ஒரு தரம் குறுகுவதை அவளுடைய தோள் உணர்ந்தது. அடுத்து அது பக்கவாட்டில் பாய்ந்தது. பள்ளத்துப் பக்கம்.

கயிறு இழுத்தது. அகஸ்ரினாவின் மணிக்கட்டு சுற்றப் போனது, அவள் அதைக் கண்டாள், கண்ணால் கண்டாள். விரலை விரித்தாள். மடிப்பு மடிப்பாகக் கயிறு அவள் கையைவிட்டுப் போனது. வெறுமையான அந்தக் கையும் மற்றக் கையும் ஒன்றாக எழும்பி, சாக்கிலிருந்து சரிந்த டிலானியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தன. தாயும் மகளும் மணலில் விழுந்தார்கள். தையில் பிடித்துக்கொண்ட அவளுடைய இடுப்பு சுள்ளென்று வலித்தது, அவள் கையைத் தளர்த்தவில்லை.

கச்சான் மதகின் விளிம்பில் கால் வைத்து, மண் சரிந்து, பள்ளத்தில் புரண்டு விழுந்தது. கருங்கல்லின் மேல் முதுகு கீழாக ஒரு முழுப் புரட்டு. சாக்கு வெடித்து வைக்கோல் சிதறியது. பிறகு அது தானே உதறிக்கொண்டு எழும்பி, மறுபக்கத்தால் ஏறி, கொஞ்சத் தூரம் ஓடி, வேலியோரத்தில் போய் நின்றது. வெறும் முழங்கால் தோல்தான் உரிந்திருந்தது.

அகஸ்ரினா அந்த வெடித்த சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலத்துக்கு முன் அதில் தன் பிள்ளையை அவள் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். டிலானியின் தலையை நெஞ்சோடு அமத்திக்கொண்டு, கால், கை, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கொண்டும் இல்லை. நீங்கள் கயிற்றை விட்டிட்டீங்கள்" என்றாள் டிலானி ஆச்சரியத்தோடு. தாய் எதையும் விட்டு அவள் கண்டதில்லை.

அகஸ்ரினா தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். கயிறு போன இடம் லேசாகச் சிவந்திருந்தது. கயிறு ஒருவரின் கையைவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று இப்போது அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. இழுத்தெடுத்தால் அப்படி இருக்காது. விரித்தால்தான் அப்படி. அன்று தண்ணீருக்குள் எமிலியானுஸின் கை அவளுடைய கையை நெரித்துப் பிடித்திருந்தது. கரைவலை இழுத்த கை, அதிலிருந்து அவள் இழுத்தெடுக்க ஏழு பிறப்பு வேண்டும். அவள் இழுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக அந்தப் பிடி விரிந்ததை அவளுடைய தோல் இவ்வளவு காலமும் வைத்திருந்தது, அவள்தான் கேட்கவில்லை. முடிச்சு இனிக் கழராது என்று தெரிந்ததும், அவளையும் பிள்ளையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகாமல் அவன் கையை விரித்திருக்கிறான்.

"பிள்ளை" என்றாள். "அப்பாதான் கையை விட்டவர். நான் விடேல்லை. அப்பாதான் விட்டவர்."

ஏழு வருசம் அழாமல் வைத்திருந்ததை மதகடி மணலில் இருந்து அழுதாள். டிலானிக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆனாலும் தாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். றோட்டால் போன ஒரு சைக்கிள்காரர் நின்று, "என்ன பிள்ளை, அடிபட்டுட்டுதோ?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். வேலியோரம் போனாள், பின்னால் அல்ல, நேர் முன்னால் அல்ல, தோளைப் பார்த்து. "அருள் நிறைந்த மரியே வாழ்க." கச்சான் காதைத் திருப்பியது. உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அவள் கீழே கிடந்த கயிற்றை எடுத்து மடித்தாள்.

மிச்ச அரை மைலும் டிலானி கழுதையில் ஏறவில்லை. றோட்டில்தான் மணல் இல்லையே, தன்னோடு விழுந்து கிடந்த ஊன்றுகோலை எடுத்து ஊன்றித் தானே நடந்தாள். நடுவில் கச்சான், ஒரு பக்கம் தாய், மறுபக்கம் மகள். பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்திருந்தது. அகஸ்ரினா மகளை வகுப்பு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, முற்றத்து வேப்பமரத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரே இழுவையில் கழருகிற முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். திறந்த யன்னலால் வகுப்பின் சத்தம் கேட்டது.

"என்ன டிலானி இது, சட்டையெல்லாம் மண்? இவ்வளவு பிந்தியோ வாறது?" என்று லூசியா டீச்சர் கேட்டார்.

"கழுதை பள்ளத்துக்குள்ள விழுந்திட்டுது டீச்சர்" என்றாள் டிலானி. "அம்மா என்னைப் பிடிச்சிட்டா."